ஹோம் தியேட்டர் வாங்கும் முன்: நெல்லை வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் வீடுகளுக்கு ஸ்பீக்கர் பொருத்தப் போகும்போதும், பொருத்திவிட்டு வந்த பிறகு தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சார்பு தெரியும், அதை மறைக்கவில்லை. படத்தில் பேசுகிற பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால், அது எத்தனை லட்சம் ரூபாய்ச் சாமானாக இருந்தாலும் என் கணக்கில் தேறாது.

ரிசீவர் என்றால் என்ன? ஆம்ப்ளிஃபயர் போதாதா?

ஆம்ப்ளிஃபயர் ஒலியைப் பெருக்கித் தரும், அவ்வளவுதான். ரிசீவர் அதற்கு முன்பே பல வேலைகளை முடித்துவிடுகிறது. டிவி, செட்டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர் எல்லாவற்றின் ஹெச்டிஎம்ஐ கேபிளும் அதில்தான் வந்து சேரும். டால்பி, டிடிஎஸ் முறைகளில் அடைத்து வரும் ஒலியைப் பிரித்து, எந்த ஸ்பீக்கருக்கு எது என்று பங்கு வைக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் உங்கள் இருக்கையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அருகில் இருப்பதன் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகிறது. அந்தக் கணக்கில் எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேரும். பிறகுதான் பெருக்கும் வேலை.

டெனான், யமஹா, ஒன்கியோ, மராண்ட்ஸ், சோனி ஆகியவை நம் பக்கம் அதிகம் புழங்கும் பெயர்கள். பெரும்பாலான மாடல்களோடு ஒரு சிறிய மைக் வரும். அதை இருக்கையில் காது இருக்கும் உயரத்தில் வைத்தால் ரிசீவரே அளந்து சரிசெய்துகொள்ளும். அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் வேர்த்தால் பாதகமில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டும் நிற்க வேண்டாம்.

அண்ணாச்சி, எத்தனை வாட் வாங்கலாம்?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நான் கடைசியில் பார்க்கும் எண்ணும் இதுதான்.

ஸ்பீக்கர் பெட்டியின் பின்னாலோ கையேட்டிலோ உணர்திறன் என்று ஓர் எண் இருக்கும். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 87 டெசிபல் வரும் என்று பொருள். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள் என்று வையுங்கள். திறந்தவெளிக் கணக்கில் அது 77, 78 டெசிபலாகக் குறையும். 10 வாட் கொடுத்தால் 87, 88. 50 வாட்டில் 94, 95. சரி, 100 வாட்? வெறும் 97, 98. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு அது சிறிய வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கே ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் நடு அளவு ஹாலில் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். ஆகவே 50 முதல் 80 வாட் வரை உண்மையாகக் கொடுக்கிற ரிசீவர் பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம்.

‘உண்மையாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண், பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி வழியை) மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில் மட்டும், 10 சதவீதச் சிதைவை அனுமதித்து எடுத்தது. இரண்டு சேனல், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 8 ஓம், சிதைவு 0.1 சதவீதத்துக்குள் என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். நேர்மையான எண் அந்த வரியில்தான் இருக்கும். பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

கொடை விழாவில் குழாய் ஸ்பீக்கர் இரண்டு கட்டினால் ஊரே அதிர்கிறதே, அதற்கு எத்தனை வாட்?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. குழாய் ஸ்பீக்கரின் உணர்திறன் 100 டெசிபலைத் தாண்டும். வீட்டு ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் வரும் சத்தத்தை அது ஒன்றிரண்டு வாட்டில் கொடுத்துவிடும். வாட் மட்டும் சத்தத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்குச் சுடலைமாடன் கோயில் வேப்பமரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்படியானால் மைக் செட்காரர் விற்கும் 15 அங்குலப் பெட்டிகளை மலிவாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். திறந்தவெளியில் நூறு அடி தள்ளி நிற்பவர்களுக்காகச் செய்த பெட்டி அது. பத்தடியில் உட்கார்ந்து கேட்டால் நடு ஒலி முகத்தில் அறையும். இரண்டு மணி நேரப் படம் முடியும்போது தலை வலிக்கும்.

கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

நூறு ரூபாயில் அறுபதிலிருந்து எழுபது ரூபாய் வரை ஸ்பீக்கர்களுக்கும், பாஸுக்கென்றே உள்ள பெட்டியான சப்வூஃபருக்கும். மீதியில் ரிசீவர், வயர், ஸ்டாண்ட். நம் ஊரில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரிசீவரில் விளக்கும் பட்டனும் நிறைய இருப்பதால் அது மதிப்பாகத் தெரிகிறது. ஆனால் ரிசீவருக்குத்தான் சீக்கிரம் வயதாகும். ஹெச்டிஎம்ஐ 2002இல் வந்தது. 2017இல் அறிவிக்கப்பட்ட 2.1 பதிப்பில் இ-ஏஆர்சி சேர்ந்தது; டிவியின் ஒலியை அதே ஹெச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதியின் மேம்பட்ட வடிவம் அது. இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி பழசாகிவிடும். நல்ல ஸ்பீக்கரோ இருபது வருடம் கழித்தும் அதேபோலப் பாடும்.

ஸ்பீக்கர்களுக்குள்ளும் முன்வரிசை மூன்றுக்கே முதல் பங்கு. நடு ஸ்பீக்கரும் இடது வலதும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் இருக்கட்டும். ஒரு குரல் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் வேறு ஆள் குரலாக மாறக் கூடாது. பின்னால் வைக்கும் இரண்டும் சிறியதாக, வேறு நிறுவனத்தினதாக இருந்தாலும் குடி முழுகிவிடாது. பணம் போதவில்லையா? நல்ல ஸ்பீக்கர் இரண்டும் ரிசீவரும் மட்டும் முதலில் வாங்குங்கள். அடுத்த போனஸுக்கு நடு ஸ்பீக்கர், அதற்கடுத்து சப்வூஃபர். மட்டமான ஐந்தைவிட நல்ல இரண்டு எவ்வளவோ மேல்.

சவுண்ட்பார் போதாதா?

பத்துக்குப் பத்து அறையில், செய்தியும் தொடரும்தான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் போதும். வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

சண்டை வந்தால் ஜன்னல் அதிர்கிறது, பேச்சு வந்தால் எதுவும் கேட்கவில்லை. அம்மா ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கிறார். என்ன செய்வது?

சாமான் வாங்கிய வீடுகளிலிருந்து எனக்கு அதிகம் வரும் குறை இதுதான். பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் தவறு இருக்காது.

பேச்சின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். டிவிக்குக் கீழே ஷோகேஸின் உள் தட்டில், இரண்டு பக்கமும் மரம் சூழ, முழங்கால் உயரத்தில் வைத்திருப்பார்கள். குரல் அந்தப் பொந்துக்குள்ளேயே உருண்டு, பானைக்குள் பேசுவது போலக் கேட்கும். ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுங்கள். அடியில் முன்பக்கம் ரப்பர் கட்டை கொடுத்து, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். நடுவில் உட்காருபவருக்கு மட்டுமல்லாமல் ஓரத்து நாற்காலிக்கும் இதில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது ரிசீவர் மெனு. நடு ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். சத்தத்துக்கும் மெதுவுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இரவு முறை ஒன்று இருக்கும், ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அதைப் போடுங்கள். திரையரங்குக்காகப் படத்தின் ஒலியைக் கலக்கும்போது சராசரி 85 டெசிபல், உச்சம் 105 என்று வைத்துச் செய்கிறார்கள். அந்த இருபது டெசிபல் ஏற்ற இறக்கத்தை நம் ஹாலில் அப்படியே கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

மூன்றாவது குற்றவாளி தலைக்கு மேல் சுற்றுகிறது. சித்திரை வெயிலில் ஐந்தாம் எண்ணில் ஓடும் மின்விசிறியின் இரைச்சல் மெல்லிய மெய்யெழுத்துகளையெல்லாம் தின்றுவிடும். இரண்டு எண் குறைத்துவிட்டு அதே காட்சியைப் போட்டுப் பாருங்கள். புது நடு ஸ்பீக்கருக்குப் பணம் கேட்க வந்த சிலரை நான் இந்த ஒரு சோதனையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பட்டாசல் (ஹால்) முழுக்க டைல்ஸ். எதிரொலிக்கிறது. பத்தமடைப் பாய் விரித்தால் சரியாகுமா?

பாய்க்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வேலைக்கு அது மெலிது. மெல்லிய கோரை, ஒலியின் உச்சிப் பகுதியில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். பேச்சைக் குழப்பும் நடுப்பகுதிக்குக் கனம் வேண்டும். தடித்த சமுக்காளத்தை இரண்டாக மடித்து ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் இடையில் விரியுங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை, மடிப்பு நிறைய வரும்படி. இலவம்பஞ்சு மெத்தை போட்ட திவான் ஒன்று அறையில் இருந்தால் நல்லது.

பக்கச் சுவர்தான் முக்கியம். நீங்கள் இருக்கையில் உட்காருங்கள். வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் ஒலி முதலில் மோதித் திரும்பும் இடம். அங்கே புத்தக அலமாரியோ திரையோ வந்தால் பாதிக் குழப்பம் தீரும். கண்ணாடி ஷோகேஸ் அந்த இடத்தில் இருந்தால் இடம் மாற்றுங்கள். கல்யாணச் சீராக வந்த ஷோகேஸ் என்றால் பேச்சுவார்த்தை நடத்திப் பாருங்கள்.

சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது? ஓர் இடத்தில் பாஸ் இடிக்கிறது, இன்னோர் இடத்தில் காணவே இல்லை.

அறையின் நீளம்தான் காரணம். 14 அடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் ஒலி நின்று ஆடும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அது இடியாகக் கேட்கும்; நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு ஒன்றுமே கேட்காது. மூலையில் வைத்தால் பாஸ் கூடும், தெளிவு குறையும்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, பார்க்கக் கேலியாக இருக்கும், பலன் உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோஃபாவிலேயே வையுங்கள். பாஸ் ஓயாமல் வரும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவாக, இழுவை இல்லாமல் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபர் போக வேண்டும். ரிசீவரில் பிரிப்பு எல்லையை, அதாவது எதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற அளவை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழான ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் சப்வூஃபரை எங்கு வேண்டுமானாலும் தள்ள முடிகிறது. பின்னால் இருக்கும் 0, 180 சுவிட்சை மாற்றிப் பார்த்து, பாஸ் கூடுதலாக வரும் பக்கம் விட்டுவிடுங்கள்.

ஹாலோடு சாப்பாட்டு அறை, மாடிப்படி எல்லாம் திறந்து கிடக்கும் வீடுகளில் 8 அங்குலச் சப்வூஃபர் திணறும். 10 அல்லது 12 அங்குலம் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் அக்ரகாரத்து வீடு. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். பாஸ் அங்கே போகாமல் தடுக்க முடியுமா?

முழுமையாக முடியாது, சுவரில் பஞ்சு ஒட்டிப் பணத்தை வீணாக்க வேண்டாம். சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், அடியில் தடித்த ரப்பர் கொடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள். முற்றத்தைப் பார்த்துத் திறந்த கூடத்தில் பாஸ் வெளியேறிக் குறைவாகத்தான் கேட்கும். அதைச் சரிக்கட்டுகிறேன் என்று அளவைக் கூட்டினால் அடுத்த நாள் காலை மாமி வாசலில் நிற்பார்.

7.1, அட்மாஸ் எல்லாம் தேவையா?

டால்பி அட்மாஸ் 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும். மழைக் காட்சியில் அது தரும் சுகத்தை மறுக்க முடியாது. கூரையில் பதிக்கும் ஸ்பீக்கர் என்றால் சரி. மேல்நோக்கிப் பாடி, கூரையில் பட்டுத் திரும்பும் வகை என்றால் சமதளமான கான்கிரீட் கூரை வேண்டும். ஓட்டு வீட்டில் அது பலிக்காது. 7.1 என்றால் ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், 5.1 என்றால் ஐந்தும் ஒன்றும். 7.1க்கு இருக்கையின் பின்னால் நான்கைந்து அடி இடம் வேண்டும். சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கும் வீட்டில் 5.1 போதும். பின் ஸ்பீக்கர்களை இருக்கைக்கு இரு பக்கமும், காதுக்கு ஒன்றிரண்டு அடி மேலே வையுங்கள்.

புது வீடு கட்டுகிறோம். இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?

பூச்சு வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். டிவி சுவரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கர் இடத்துக்கும் ஒரு குழாய், மின்சார வயர் போகும் குழாயோடு சேராமல் தனியாக. வயரைச் சிமெண்டுக்குள் நேரடியாகப் புதைக்க விடாதீர்கள். ஹெச்டிஎம்ஐ போகும் குழாய் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கேபிளின் தலை உள்ளே நுழைய வேண்டும். கூர்மையான எல்போ வேண்டாம், நீள வளைவாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள். கொத்தனார் கலவை உள்ளே போகாமல் வாயை அடைத்துவையுங்கள்.

ஸ்பீக்கர் வயர் மீட்டருக்கு ஐந்நூறு ரூபாய் என்கிறார்கள்…

1.5 சதுர மில்லிமீட்டர், சுத்தச் செம்பு, பல இழை. இவ்வளவுதான் வேண்டும். பத்து மீட்டர் தூரத்துக்குப் போய் வரும் இருபது மீட்டர் வயரில் தடை கால் ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. அதற்கு மேல் தூரம் என்றால் 2.5. செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவாக வரும். நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், வாங்காதீர்கள்.

ஐந்து ஸ்பீக்கர் வைத்தும் முன்னால் இரண்டில்தான் சத்தம் வருகிறது.

டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் (டிவியே பிரித்துத் தரும் ஒலி) என்று இருக்கும். அதை பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ (அடைத்த ஒலியை அப்படியே அனுப்புவது) என்று மாற்றுங்கள். சாதாரண ஏஆர்சி வழியாகப் பிசிஎம் போனால் இரண்டு சேனல்தான் போகும். கேபிள் டிவியில் வரும் பழைய படத்துக்கோ மூலமே இரண்டு சேனல்தான். அதற்கு ரிசீவரில் உள்ள சரவுண்ட் முறையைப் போட்டால் எல்லாப் பக்கமும் பரவும்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் ரிசீவர் கொண்டுவருகிறார். போடலாமா?

முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட் பிளக்கில் செருகிய நொடியில் கதை முடிந்தது. வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், கனமாகவும் விலையாகவும் இருக்கும். வளைகுடா நாடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் ஒத்துப்போகும். சவூதியிலிருந்து வரும் பழைய பெட்டி என்றால் அதையும் பார்த்துவிடுங்கள், அங்கே 127 வோல்ட் இருந்த காலம் உண்டு.

ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஸ்பீக்கர் பழுதா?

கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அந்த வயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் மோதுகின்றன. கேபிள்காரரிடம் சொல்லி ஒரு தடுப்பான் போட்டுக்கொள்ளலாம். நிற்கவில்லை என்றால் இன்வெர்ட்டரைப் பாருங்கள், சதுர அலை வகைகள் இப்படி முனகும். அதுவும் இல்லை என்றால் எர்த் குழி. கோடையில் மண் காய்ந்துபோனால் எர்த் பலவீனமாகும். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் இந்தத் தொல்லை கூடுதல். எந்தக் காரணத்துக்காகவும் பிளக்கின் மூன்றாவது முனையை வெட்டி எறியாதீர்கள். இரைச்சல் நிற்கலாம், பெட்டியைத் தொடுகிறவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

இடி மின்னலுக்கு ஸ்டெபிலைசர் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் பிளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்கிவிடுங்கள். மாலையில் வோல்டேஜ் சரியும் ஊர்களில் ஸ்டெபிலைசர் பயன்படும், அது வேறு வேலை.

உவரியில் கடற்கரையை ஒட்டி வீடு. ஏதாவது தனிக் கவனம்?

உப்புக் காற்று செம்பு நுனியைப் பச்சையாக்கிவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயரோ, நுனியில் முலாம் பூசிய பனானா பிளக்கோ போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

ரிசீவருக்குப் பூவேலை செய்த உறை போட்டிருக்கிறோம்…

ஓடும்போது எடுத்துவிடுங்கள். மேலே நான்கு விரற்கடையாவது திறந்த இடம் வேண்டும். வெப்பம் போக வழியில்லாத கண்ணாடி அலமாரியில்தான் ரிசீவர்கள் அதிகம் சாகின்றன. காற்றுத் துளை வழியாகப் பல்லி உள்ளே போய்ப் பலகையில் ஒட்டிக் கருகிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். இரவில், பெட்டி குளிர்ந்த பிறகு உறையைப் போட்டுக்கொள்ளலாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவது சரியா?

தாராளமாக வாங்கலாம். கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள். ஃபோம் என்றால் பத்துப் பதினைந்து ஆண்டில் பொடியாக உதிரும். ரப்பர் என்றால் கவலை குறைவு. கூம்பை இரு பக்கமும் விரல் வைத்துச் சீராக அழுத்தும்போது உள்ளே உரசும் ஓசை வந்தால் விட்டுவிடுங்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

கடைக்காரர் போடும் வெடிகுண்டுக் காட்சியை விடுங்கள். வெடி எந்தப் பெட்டியிலும் வெடிக்கும். உங்கள் கைப்பேசியிலிருந்து நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்று, நாலு பேர் மாறி மாறிப் பேசும் காட்சி ஒன்று, நாகஸ்வரம் ஒன்று. நாகஸ்வரம் காதைக் குத்தினால் ட்வீட்டர் (உச்ச ஒலியைத் தரும் சிறு ஸ்பீக்கர்) மட்டம். தவிலின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் இரண்டுக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். சற்றே கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும், விற்பவருக்கு அது தெரியும். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடை அறை உங்கள் ஹால் அல்ல; வீட்டில் வைத்துக் கேட்ட பிறகுதான் பெட்டிகளின் அட்டையைத் தூக்கிப் போட வேண்டும்.